வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வளர்ந்த சோளப்பாம்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், வெள்ளவத்தையில் கடலோரத் தொடர்மாடியொன்றின் மூன்றாவது மாடியில் வசிக்கும் ஒரு குடும்பத்தினர், பிறந்து ஏறத்தாழ மூன்று மாதமான சோளப்பாம்புக் குட்டி ஒன்றை என்னிடம் கொண்டுவந்தனர். நான் கொழும்பில் சிறு சிகிச்சை நிலையம் ஒன்றை நடத்தும் மிருக வைத்தியன். என்னிடம் வருபவை பெரும்பாலும் நாய்களும் பூனைகளுமே. குட்டிக்கு அப்போது நோய் எதுவும் இல்லை. வளர்க்கத் தொடங்குமுன் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று தந்தை விரும்பியிருந்தார். வீட்டில் தந்தை, தாய், அப்போது 15 வயதான மகன், மகனின் அம்மம்மா என நால்வர். நாட்டை விட்டுப் புறப்படவிருந்த தந்தையின் நண்பர் ஒருவர் குட்டியை மகனிடம் ஒப்படைத்திருந்தார். குடும்பத்தினரின் சம்மதத்துடன், அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்து, இதனை எழுதுகிறேன்.

முதற் சந்திப்பில் நான் முதலில் கேட்டது ஆவணங்களையே. உயிருள்ள ஊர்வனவற்றை இலங்கைக்குள் கொண்டுவருவதற்கு, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை. நண்பர் தந்த கோப்பில் அதற்குரிய பத்திரங்கள் இருந்தன. அவை இல்லாதிருந்தால், குட்டியைப் பரிசோதித்துவிட்டு, அடுத்த நாளே பத்தரமுல்லையிலுள்ள திணைக்களத் தலைமையகத்துக்குச் செல்லுமாறு சொல்லியிருப்பேன். பாம்பு வளர்ப்பில் ஆர்வமுள்ள இளைஞர்கள் இந்தப் படியைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள் என்பதால் இதனை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

சோளப்பாம்பு அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்கு மாநிலங்களுக்கு உரியது. நஞ்சற்றது, எலி போன்ற சிறு விலங்குகளை உடலாற் சுற்றி நெரித்து விழுங்குவது. 1766இல் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் அதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். முட்டையிலிருந்து வெளிவரும் குட்டி 20 முதல் 30 சென்ரிமீற்றர் நீளமிருக்கும். வளர்ந்தபின் பெரும்பாலும் 90 முதல் 150 சென்ரிமீற்றர் வரை நீளும். நல்ல பராமரிப்பில் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். முதுகில் செம்மஞ்சள் நிறத்தின்மேல் கருவிளிம்பிட்ட செந்திட்டுகளும், வயிற்றில் சதுரங்கப் பலகையைப் போன்ற கறுப்பு வெள்ளைக் கட்டங்களும் காணப்படும். நான் பின்னர் விட்ட தவறு அந்த வயிற்றுக் கட்டங்களிலேயே நிகழ்ந்தது.

முதல் மாதங்கள்: 2021 நவம்பர் முதல் 2022 பெப்ரவரி வரை

முதல் நாளில் குட்டி 12 கிராம் நிறையும் ஏறத்தாழ 38 சென்ரிமீற்றர் நீளமும் கொண்டிருந்தது. பாம்புடன் ஒரு கண்ணாடித் தொட்டி, அதன் அடியில் ஒட்டப்பட்ட சூடேற்றும் விரிப்பு, தென்னந்தும்புத் தூள் படுக்கை, ஈரப்பாசி நிரப்பிய ஒளிவிடப் பெட்டி, இரண்டு பக்க அறிவுறுத்தல் தாள் ஆகியவையும் வந்திருந்தன. விரிப்பை இரவும் பகலும் இயக்குதல், காலையும் மாலையும் நீர் தெளித்தல், சட்டை உரிக்கும் காலத்தில் பாசியை நன்கு நனைத்து வைத்தல் ஆகியன அத்தாளின் முக்கிய அறிவுரைகள். அவை குளிர்நாட்டு வீட்டுக்குச் சரியானவை. அங்கே குளிர்காலத்தில் அறையை வெப்பமூட்டும்போது காற்று வறண்டுபோகும்; பாம்புக்குச் சூடும் ஈரமும் வெளியிலிருந்து கொடுக்கப்பட வேண்டும். வெள்ளவத்தையில் ஆண்டு முழுவதும் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. கடற்காற்றின் ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் 75 சதவீதத்துக்கு மேல். அந்தத் தாளை வாசித்தபோதே இந்த வேறுபாடு எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. குட்டி நன்றாகத் தின்று, நன்றாகச் சட்டை உரித்துக்கொண்டிருந்ததால், உள்ளதை உள்ளபடியே தொடரச் சொன்னேன்.

உணவு, ஐந்து அல்லது ஆறு நாட்களுக்கு ஒருமுறை, உறைநிலையில் வாங்கி இளக்கிய ஒரு எலிக்குஞ்சு. பிறந்து ஓரிரு நாளான, மயிர் முளைக்காத குஞ்சு ஒன்றரைக் கிராம் அளவில் இருக்கும். இரையின் பருமன் பாம்பின் உடல் மிகத் தடித்திருக்கும் இடத்தின் பருமனை ஒட்டியோ, அதைவிடச் சற்றே கூடியோ இருக்கலாம் என்பது பொதுவான அளவுகோல். தின்ற பின் 48 மணி நேரம் பாம்பைக் கையில் எடுக்கக்கூடாது என்பதையும் மகன் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். பாம்பையோ தொட்டியையோ தொட்டவர் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும், தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறையில் கழுவக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஊர்வன நோயின்றித் தோன்றும்போதே, மனிதரில் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் சல்மொனெல்லாக் கிருமியைக் கழிவில் வெளியிடக்கூடியவை. வயது முதிர்ந்த ஒருவர் இருக்கும் வீட்டில் இதனைத் தளர்த்த முடியாது.

இங்கே அம்மம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீவகத்தில் பிறந்து வளர்ந்தவர். நயினை நாகபூசணி அம்மனை நாள்தோறும் நினைப்பவர். பாம்பு வீட்டுக்கு வந்ததை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நாகசதுர்த்தியன்று சிறிது பால் வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். பாம்புக்குப் பால் உணவன்று, சுத்தமான தண்ணீரே போதும் என்றேன். அன்றைக்கு அவர் தொட்டிக்கு வெளியே ஒரு பூவை வைத்ததோடு நிறுத்திக்கொண்டார். ஆனால், சுவரில் தொங்கிய மாதக் கலண்டரில், நாட்கட்டத்தின் மூலையில், பென்சிலால் ஒரு குறி இடத் தொடங்கினார்: இரை தின்ற நாளில் ‘உ’, சட்டை உரித்த நாளில் ‘ச’. அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

2022 பெப்ரவரி இறுதியில் குட்டி 27 கிராமை எட்டியிருந்தது.

கக்கல்: 2022 மார்ச், ஏப்ரல்

வீட்டில் தாயும் அம்மம்மாவும் மரக்கறி உணவினர். குளிர்சாதனப் பெட்டியில் எலிக்குஞ்சு வைப்பதற்குத் தாய் இணங்கவில்லை. அதில் அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. எனவே பெப்ரவரியில் மொத்தமாக வாங்கிய 40 குஞ்சுகள், தெஹிவளையிலுள்ள உறவினர் வீட்டின் உறைபெட்டியில் வைக்கப்பட்டன. மகன் வாரமொருமுறை சென்று இரண்டை எடுத்து வருவார். மார்ச்சில் அந்த உறவினர்கள் யாழ்ப்பாணம் சென்றிருந்தனர். சாவி மகனிடம் இருந்தது, வீட்டில் ஆளில்லை.

பொருளாதார நெருக்கடி நிலவிய அக்காலத்தில் மின்வெட்டு நாளுக்கு நாள் நீண்டது. மார்ச் இறுதியில், ஒரே நாளில் 13 மணி நேரம்வரை மின்சாரம் நிறுத்தப்படும் நிலை வந்தது. மார்ச் 26ஆம் திகதி காலையில், முந்தைய நாள் விழுங்கிய குஞ்சைப் பாம்பு வெளியே கக்கியிருந்தது. மகன் மிகவும் பயந்துபோனார். பாம்பு மெலிந்துவிடுமே என்ற கவலையில், எனக்கு அறிவிக்காமல், ஏழாம் நாள் ஏப்ரல் 1ஆம் திகதி மாலை மீண்டும் ஒரு குஞ்சைக் கொடுத்தார். மறுநாள் அதுவும் வெளியே வந்தது. அதன் பின்னரே என்னை அழைத்தார்கள்.

கக்கிய பாம்புக்கு உடனே இரை கொடுப்பது பலரும் அன்பினால் செய்யும் தவறு. கக்கும்போது இரையுடன் இரைப்பையின் அமிலமும் நீரும் வெளியேறிவிடுகின்றன. உணவுக்குழாயின் உட்படலம் புண்படுகிறது. குறைந்தது 10 நாட்கள், முடிந்தால் 14 நாட்கள், தண்ணீரைத் தவிர எதுவும் கொடாமல் விட்டு, பின்னர் வழக்கத்திலும் சிறிய இரையுடன் தொடங்க வேண்டும். இந்த ஒரு விடயத்தை முதல் நாளிலேயே எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டாம் கக்கல் நேர்ந்திராது.

ஏப்ரல் 3ஆம் திகதி வீட்டுக்குச் சென்று பார்த்தேன். நிறை 22 கிராமாகக் குறைந்திருந்தது. முதலில் உடலின் நடுப்பகுதியை விரல்களிடையே மெதுவாக வழுகவிட்டுச் சோதித்தேன். கிரிப்டொஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியால் இரைப்பைச் சுவர் தடித்தால் அங்கே வீக்கம் தென்படும். அந்த நோய் பாம்புகளில் நம்பகமான சிகிச்சை இல்லாதது என்பதால் அதையே முதலில் அஞ்சினேன். வீக்கம் இல்லை. கழிவை நுண்காட்டியில் பார்த்ததிலும் ஐயத்துக்கு இடமானது எதுவும் தென்படவில்லை. வாய்க்குள் சளியோ, மூச்சில் ஒலியோ இல்லை. எனவே காரணத்தைப் பாம்பின் உடலுக்குள் தேடுவதை நிறுத்தி, அதைச் சுற்றியிருந்தவற்றில் தேடத் தொடங்கினேன்.

முதலாவது, மிஞ்சிய இரை. தந்தை தெஹிவளையிலிருந்து பையை எடுத்து வந்தார். வாங்கும்போது தனித்தனியாக உதிரக்கூடியனவாக இருந்த குஞ்சுகள், இப்போது ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. பையின் அடியில் வெளிர்சிவப்புப் பனிக்கட்டி படிந்திருந்தது. சில குஞ்சுகளின் வயிறு பச்சை பாரித்திருந்தது. இளகி வழிந்த நீர் மீண்டும் உறைந்தாலன்றி அத்தகைய கட்டி உருவாகாது. ஆளில்லாத வீட்டில் உறைபெட்டி பலமுறை இளகி உறைந்திருக்கிறது. கெட்ட இரையைப் பாம்பு கக்கியிருக்கிறது.

இரண்டாவது, வெப்பம். தொட்டியின் மேற்பக்கக் கண்ணாடியில் ஒட்டியிருந்த வட்ட வெப்பமானி 29 பாகை காட்டியது. நான் கொண்டு சென்ற கம்பியுணரியைத் தும்புத் தூளுக்கு அடியில், விரிப்பின்மேல் நுழைத்துப் பார்த்தேன்: 41 பாகை. விரிப்புக்கு வெப்பநிலைக் கட்டுப்படுத்தி பொருத்தப்படவே இல்லை. மின்சாரம் இருக்கும் நேரத்தில் தொட்டித் தளம் கொதித்தது. இல்லாத நேரத்தில் அறை வெப்பத்துக்கு இறங்கியது. இரை செரிக்கும் பாம்பு சூடான இடத்தை நாடிச் செல்லும். அது நாடிய இடம் தாங்கொணாத இடமாக இருந்தது. மேற்கு நோக்கிய பல்கனிக்கு அருகில் தொட்டி இருந்ததால் பிற்பகல் வெயிலும் கண்ணாடியில் விழுந்தது.

எடுத்த முடிவுகள் இவை. மிஞ்சிய குஞ்சுகள் அனைத்தும் அகற்றப்பட்டன. விரிப்பை ஒழுங்குபடுத்துவதா, நீக்குவதா என்று யோசித்தோம். சோளப்பாம்புக்கு வெப்பப் பக்கம் 28 முதல் 31 பாகை வரையிலும், குளிர்ப்பக்கம் 22 முதல் 25 பாகை வரையிலும் இருக்கலாம் என்பர். வெள்ளவத்தையில் ஏப்ரல் பகலில் அறையே 31 பாகை; இரவில்கூட 26க்குக் கீழே செல்வதில்லை. இந்த வீட்டில் பாம்புக்குக் குறைவாக இருந்தது குளிர்ச்சியே. ஆகவே விரிப்பை முற்றாகக் கழற்றினோம். தொட்டியை வெயில் படாத உள்ளறையில், தரையோடு தாழ்வாக வைத்தோம். ஒரு பக்கத்தில் ஒளிவிடமாக மண் பூச்சட்டியைக் கவிழ்த்தோம். சட்டியின் அடித்துளை வழியே நுழைந்து பாம்பு சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதால் அதனைச் சீமெந்தால் அடைத்தோம்.

இரைக்கு வேறு வழி தேவைப்பட்டது. கல்கிசையில் எலி வளர்க்கும் ஒருவரிடம், தேவையான நாளில் ஒன்றிரண்டு குஞ்சுகளை மட்டும் பெற ஏற்பாடாயிற்று. மகன் கரையோர ரயிலில் சென்று, பனிக்கட்டி இட்ட சுடுநீர்ப் போத்தலில் (தெர்மஸ்) அவற்றைக் கொண்டுவந்து அன்றே கொடுத்தார். ஏப்ரல் 16ஆம் திகதி, 14 நாள் இடைவெளிக்குப் பின், அன்று பிறந்த மிகச்சிறிய குஞ்சு ஒன்று கொடுக்கப்பட்டது. உள்ளே நின்றது. மே மாத நடுவில் நிறை மீண்டும் 25 கிராம். அத்துடன் பிரச்சினை தீர்ந்துவிட்டதென்று நான் கருதினேன்.

வயிற்றுச் செதில்கள்: 2022 ஜூன் முதல் ஓகஸ்ட் வரை

விரிப்பை நீக்கிய நான் தும்புத் தூளை நீக்கவில்லை. ஈரப்பாசிப் பெட்டியும் நீர் தெளிப்பும் அப்படியே தொடர்ந்தன. தும்புத் தூள் தன் நிறையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைப்பது. நாற்றுமேடைக்கு அதனை விரும்புவதே அதற்காகத்தான். அதுவரை அந்த ஈரத்தை, தவறான முறையிலென்றாலும், உலர்த்திக்கொண்டிருந்தது அடியிலிருந்த சூடு. சூட்டை நான் நிறுத்தினேன். மே இறுதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது. ஒரு தவறைத் திருத்தும்போது அதனோடு பிணைந்திருந்த மற்றொன்றை நான் பார்க்கவில்லை. இந்த நிகழ்வில் என்னை இன்றும் உறுத்துவது இதுதான்.

ஜூன் 27 முதல் நாட்டில் எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. மறுநாள் இரவு மகன் வட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பினார்: பாம்பின் வயிறு வெளிர்சிவப்பாக இருக்கிறது, என்ன செய்வது? மின்வெட்டு நேரத்தில், கைப்பேசி வெளிச்சத்தில், மஞ்சள் சுவரின் முன் எடுத்த படங்கள். சட்டை உரிப்பதற்குச் சில நாட்கள் முன்பு பாம்பின் வயிறு இளஞ்சிவப்பாவது இயல்பு. அதையே சொன்னேன், பாசியை இன்னும் சற்று நனைத்து வைக்குமாறும் சொன்னேன்.

ஜூலை 1ஆம் திகதி காலை அம்மம்மா தாமே தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, இது சட்டை கழற்றுற சிவப்பில்லை. முந்தி எல்லா முறையும் வயிறு முழுக்க ஒரே மாதிரித்தான் சிவந்தது. இப்ப வால் பக்கம் மட்டும் திட்டுத் திட்டா இருக்கு. சட்டை கழற்றிப் பதினேழு நாள்தான் ஆகுது.” கலண்டரைப் பார்த்தே அவர் பேசினார். கடைசி நான்கு ‘ச’ குறிகளுக்கு இடையே 31, 34, 33 நாட்கள். கடைசிக் குறி ஜூன் 14. அடுத்த உரிப்புக்கு இன்னும் இரண்டு வாரங்களுக்கு மேல் இருந்தது. பாம்பின் கண்களும் மங்கவில்லை. சட்டை உரிக்கப்போகும் பாம்பின் கண்கள் முதலில் பால் படிந்தாற்போல நீலம் பாரிக்கும். அதை நான் கேட்டிருக்கவே இல்லை.

அடுத்த நாள் தந்தை, பாம்பைத் தலையணை உறைக்குள் இட்டு, அதைச் சிறு பெட்டியில் வைத்து, சைக்கிளில் என்னிடம் கொண்டுவந்தார். பகல் வெளிச்சத்தில், யன்னலருகே பாம்பை மெதுவாகப் புரட்டிப் பார்த்தேன். உடலின் பின் மூன்றிலொரு பகுதியில், கழிவுத் துவாரத்துக்கு முன்னால், கறுப்பு வெள்ளைக் கட்டங்களின் விளிம்புகள் பழுப்பேறிக் கலங்கியிருந்தன. மூன்று செதில்களின் கீழ், கடுகளவில், தெளிநீர் கோத்த கொப்புளங்கள். ஒன்று உடைந்து, செதிலின் ஓரம் சற்றே மேலெழுந்து நின்றது. செதிலழுகலின் தொடக்க நிலை இது. ஈரமான, அழுக்கேறிய படுக்கையில் நீண்ட நேரம் கிடக்கும்போது மென்மையடையும் தோலில் கிருமிகள் புகுவதால் உண்டாவது. சூட்டுக் காயமாக இருக்குமோ என்றும் எண்ணிப் பார்த்தேன். விரிப்பு நீங்கி மூன்று மாதமாகிவிட்டதாலும், புண்கள் ஒரே இடத்தில் படாமல் சிதறியிருந்ததாலும் அதனை விலக்கினேன். தொட்டிக்குள் ஈரப்பதன் 90 சதவீதம். நிறை 24 கிராம்.

ஊசி மருந்து கொடுப்பதா என்பதே கடினமான முடிவு. ஊர்வனவற்றில் இத்தகைய தொற்றுக்குப் பயன்படும் சில நுண்ணுயிர்க்கொல்லிகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. மூன்று மாதங்களுக்கு முன் கக்கி மெலிந்த, 24 கிராம் நிறையுள்ள ஒரு குட்டிக்கு அந்த ஆபத்து பெரிது. காட்டு ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை செய்யும் சக மருத்துவர் ஒருவருடன் கலந்து பேசி, ஒரு வாரம் வெளிச்சிகிச்சையுடன் பார்ப்பதென முடிவெடுத்தேன். கொப்புளங்கள் கூடினாலோ, பாம்பு வாய் திறந்து மூச்சுவிட்டாலோ, உடல் தளர்ந்தாலோ காத்திராமல் ஊசி தொடங்குவது என்று எல்லையையும் அப்போதே வகுத்துக்கொண்டோம்.

தும்புத் தூள், பாசி, நீர் தெளிப்பு மூன்றும் அன்றே நிறுத்தப்பட்டன. தளத்தில் வெற்றுச் சமையலறைத் தாள்; நாள்தோறும், நனைந்தால் உடனேயும், மாற்ற வேண்டும். பெரிய தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பதிலாகக் கனமான சிறு கிண்ணம். கண்ணாடித் தொட்டியில் காற்று தேங்கியதால், இருபக்கமும் நிறையத் துளையிட்ட, பிடிப்புள்ள மூடி கொண்ட பிளாஸ்ரிக் பெட்டிக்குப் பாம்பு மாற்றப்பட்டது. நாளுக்கு ஒருமுறை, வெளிறிய பிளேன்டீயின் நிறத்துக்கு நீர்த்த, கிருமிநாசினியான பொவிடோன் அயடின் கரைசலில், வயிறு மட்டும் நனையும் ஆழத்தில், பத்து நிமிடம். பின்னர் துடைத்து உலரவிட்டு, புண்கள்மேல் சில்வர் சல்ஃபாடயசீன் களிம்பை மெல்லிய படலமாகப் பூச வேண்டும். இதில் உலரவிடுவதே முக்கியமான பகுதி என்று மகனுக்கு இருமுறை சொன்னேன்.

ஐந்தாம் நாள் புதிய கொப்புளம் எதுவும் இல்லை. ஊசி தேவைப்படவில்லை. தோல் ஆறும் காலத்தில் பாம்புகள் அடிக்கடி சட்டை உரிப்பதுண்டு. ஜூலை 11ஆம் திகதியும் ஓகஸ்ட் 2ஆம் திகதியும் கலண்டரில் ‘ச’ விழுந்தது. பாசிப் பெட்டி இல்லாமலே இரண்டு சட்டைகளும் மூக்கு முதல் வால் நுனி வரை ஒரே துண்டாக, கண்களை மூடியிருக்கும் தெளிந்த செதில்களுடன் கழன்றன. கொழும்பின் காற்றிலேயே அதற்குப் போதிய ஈரம் இருக்கிறது. ஓகஸ்ட் நடுவில் மூன்று செதில்கள் மட்டும் சற்று வெளிறித் தெரிந்தன. அந்த வடு இன்றும் உண்டு. பெட்டிக்குள் ஈரப்பதன் 65 முதல் 70 சதவீதத்தில் நின்றது. நூல்கள் சொல்லும் 40 முதல் 60 சதவீதத்தை இந்த வீட்டில் குளிரூட்டி இல்லாமல் எட்ட இயலாது. தளம் உலர்ந்திருந்து, காற்று நகர்ந்துகொண்டிருக்கும் வரையில் இந்த அளவு பாம்புக்குத் தீங்கு செய்யவில்லை என்பதை அதன் பின்னான மூன்று மழைக்காலங்கள் எனக்குக் காட்டியிருக்கின்றன.

வளர்ச்சி: 2022 செப்டெம்பர் முதல் 2024 வரை

இதன் பின் பாம்பு தடையின்றி வளர்ந்தது. நிறை 30 கிராமைத் தாண்டியதும் மயிர் அரும்பிய குஞ்சுகளுக்கும், 50 கிராமைத் தாண்டியதும் கண் திறந்து துள்ளும் பருவத்து எலிகளுக்கும் மாறினோம். ஒவ்வொரு படியிலும் முதல் இரையை அந்த அளவில் மிகச் சிறியதாகத் தெரிவுசெய்தோம். 2023 ஜனவரியில் நிறை 68 கிராம். அந்த மாதத்து இரவுகளில் வெப்பநிலை 23 பாகை வரை இறங்கியது. சூடேற்றியின்றியே பாம்பு வழக்கம்போல் தின்றது. 2023 பெப்ரவரியில் நாளாந்த மின்வெட்டு நின்றபின், மகனின் அறையில் சிறு உறைபெட்டி ஒன்று இரைக்காகவே வைக்கப்பட்டது. அதற்குள், நீர் உறைந்த குவளை ஒன்றின்மேல் ஐந்து ரூபாய் நாணயம் வைக்கப்பட்டிருக்கிறது. மேலே கிடந்தால் சரி. அடியில் புதைந்திருந்தால் பெட்டி ஒருமுறை இளகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று பொருள், உள்ளிருப்பவை அனைத்தையும் அகற்ற வேண்டும்.

2023 ஓகஸ்டில், 160 கிராம் நிறையில், பாம்பு ஓரிரவு மூடியின் ஒரு பிடிப்பைத் தளர்த்தி வெளியேறிவிட்டது. காலையில் சலவை இயந்திரத்தின் அடியில் கண்டெடுக்கப்பட்டது. தலை நுழையும் இடைவெளியில் உடல் முழுவதும் நுழையும். ஆறு மாதங்களுக்கு முன் போதுமாயிருந்த மூடியை வளர்ந்த தசைகள் நெம்பிவிடும். வீட்டிலேயே கிடைத்தது நல்லூழ். தொடர்மாடிப் படிக்கட்டில் யாரேனும் கண்டிருந்தால் விரியன் என்றெண்ணி அடித்திருப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. வெளியே தப்பி நிலைகொள்ளுமானால் அது வேறொரு கேடு: கரீபியன் தீவுகள் சிலவற்றில் சோளப்பாம்பு இவ்வாறு புகுந்து பரவியிருக்கிறது. அதே வாரம், பூட்டுடன் கூடிய கதவுள்ள, 120 சென்ரிமீற்றர் நீளமான மரக்கூடு செய்விக்கப்பட்டது. தந்தை ஒவ்வொரு மாடிக்கும் சென்று, நஞ்சற்ற பாம்பு ஒன்று தம் வீட்டில் இருப்பதைப் படத்துடன் தெரிவித்துத் தமது இலக்கத்தையும் கொடுத்தார். சிலர் முகம் சுளித்தனர். எனினும் மறைப்பதைவிட அது மேல் என்ற அவரது முடிவை நான் முழுமனத்துடன் ஆதரித்தேன்.

2024 நவம்பரில் எடுத்த அளவின்படி நீளம் 118 சென்ரிமீற்றர், நிறை 340 கிராம். இப்போது 10 முதல் 14 நாட்களுக்கு ஒரு வளர்ந்த சுண்டெலி. வளர்ந்த சோளப்பாம்புக்குப் பசி குறையாது, ஆனால் தேவை குறைந்துவிடும். அடைபட்டு வாழும் பாம்பில் கொழுப்புச் சேர்வது எளிது.

மாற்றிக்கொண்டவை

வெளிநாட்டு அறிவுறுத்தல் தாளுடன் வரும் ஊர்வனவற்றுக்கு இப்போது நான் முதலில் செய்வது, வெப்பமும் ஈரமும் பாம்பின் வயிறு படும் இடத்தில் எவ்வளவு என்று உணரியை வைத்து அளப்பது. கண்ணாடியில் ஒட்டிய வட்ட மானிகளை அன்றே கழற்றச் சொல்கிறேன். கொழும்பில் வளர்ப்பவர்களுக்குத் தும்புத் தூளைப் பரிந்துரைப்பதில்லை; தாள் அழகாக இராது, ஆனால் ஈரத்தையும் கழிவையும் உடனே காட்டிவிடும். ஒன்றை நீக்கச் சொல்லும்போது, அது வேறெதனைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று அங்கேயே நின்று கேட்டுக்கொள்கிறேன். இரை எங்கே, யாருடைய உறைபெட்டியில் இருக்கிறது என்பது இப்போது என் முதற் கேள்விகளில் ஒன்று. கக்கினால் 14 நாள் இரையில்லை என்பதைத் தனித்தாளில் எழுதிக் கொடுக்கிறேன். கைப்பேசிப் படத்தைக் கொண்டு வயிற்றின் நிறத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில்லை. தவிர்க்க முடியாதபோது, பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின்மேல் எடுத்த படத்தையும், கடைசியாகச் சட்டை உரித்த திகதியையும் கேட்டுப் பெறுகிறேன்.

மகன் உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டு மேற்படிப்புக்குச் செல்லும் காலம் நெருங்கியிருக்கிறது. பாம்புக்கு இன்னும் 12 ஆண்டுகளுக்கு மேல் ஆயுள் இருக்கலாம். அவர் இல்லாத காலத்தில் பொறுப்பு தந்தையுடையது என்றும், அவராலும் இயலாவிடின் யாரிடம், எந்த ஆவணங்களுடன் ஒப்படைப்பது என்றும் எழுதி, அனுமதிப் பத்திரங்கள் உள்ள அதே கோப்பில் வைத்திருக்கிறார்கள். 2025ஆம் ஆண்டுக்கான கலண்டர் ஏற்கெனவே சுவரில் ஏறிவிட்டது.